கதவு திறந்தபோது வெளியேற்றப்பட்டவர்கள்

ஏப்ரல் மாதம் பிறந்தால் விளையாட்டுச் சேனல்களில் ஒரு பச்சைப் புல்வெளி வந்துவிடும். ஒரு காய்ந்த இலைகூடக் கண்ணில் படாத புல்வெளி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டா நேஷனல் என்ற தனியார் கோல்ஃப் மன்றம் அது. 1934இல் தொடங்கிய ஒரு போட்டி அங்கே நடக்கிறது. உலகப் போரின்போது மூன்று ஆண்டுகள் நின்றது தவிர ஆண்டுதோறும் நடக்கிறது. வென்றவருக்குப் பச்சைக் கோட்டு மாட்டிவிடுவார்கள். போட்டியின் பெயர் ‘மாஸ்டர்ஸ்’. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கலையில் தேர்ந்தவர் என்றும் பொருள் உண்டு, அடிமையை வைத்திருந்த எசமான் என்றும் பொருள் உண்டு. ஜார்ஜியாவில் இந்த இரண்டாவது பொருளை யாரும் மறந்திருக்க முடியாது.

கோல்ஃப் நமக்கு எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். நம் சேரிப் பிள்ளைகள் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காத விளையாட்டுதான். ஆனால் விலக்கி வைத்தல் என்பது எப்படி வேலை செய்கிறது, பிறகு அது எப்படி ‘மாறிவிட்டோம்’ என்று சொல்லிக்கொள்கிறது என்பதைப் படிக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. அம்பேத்கர் 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதிய காலத்திலிருந்து, 1972இல் மகாராஷ்டிர இளைஞர்கள் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட காலம்வரை, கறுப்பின மக்களின் போராட்டத்தை நாம் நம் போராட்டத்தின் பக்கத்தில் வைத்தே படித்திருக்கிறோம். அவர்களுடைய வெற்றிகளைப் படித்த அளவுக்கு, வெற்றி என்று சொல்லப்பட்ட நேரத்தில் அவர்கள் இழந்தவற்றையும் நாம் படிக்க வேண்டும்.

நிலம்

அகஸ்டா நேஷனலின் 365 ஏக்கர் நிலம் ஒரு காலத்தில் அவுரித் தோட்டம். வெள்ளைத் துரைகளின் துணிக்கு நீலச் சாயம் தந்த அதே அவுரிதான். மன்றத்தின் மாளிகையாக இன்று படம் பிடிக்கப்படும் வெள்ளைக் கட்டடம் 1854இல் தோட்ட முதலாளியின் வீடாகக் கட்டப்பட்டது. 1857இல் பெல்ஜியத்திலிருந்து வந்த பெர்க்மான்ஸ் குடும்பம் நிலத்தை வாங்கிப் பழமரங்களும் பூச்செடிகளும் விற்கும் நாற்றுப் பண்ணையாக்கியது. வாயிலிலிருந்து மாளிகைவரை இரு பக்கமும் நிற்கும் அறுபது சொச்சம் மேக்னோலியா மரங்கள் அந்தக் காலத்தவை. ஜார்ஜியாவில் மனிதர்களை விலைக்கு வாங்குவது அப்போது சட்டப்படி நடந்த வியாபாரம். அது ஒழிந்தது 1865இல்தான். மரம் வளர்த்த குடும்பத்தின் பெயரை மன்றத்தின் வரலாறு சொல்கிறது. மண்ணைக் கொத்திய கைகள் யாருடையவை என்பதற்கு அங்கே ஒரு வரிகூட இல்லை.

1931இல் இந்த நிலத்தை வாங்கியவர்கள் இருவர். ஒருவர் பாபி ஜோன்ஸ், அந்தக் காலத்தின் மிகப் பெரிய கோல்ஃப் ஆட்டக்காரர். இன்னொருவர் கிளிஃபர்ட் ராபர்ட்ஸ், நியூயார்க்கின் நிதித் தரகர். மைதானத்தின் 18 குழிகளுக்கும் பழைய நாற்றுப் பண்ணையின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். ஒரு குழிக்கு மேக்னோலியா, ஒன்றுக்கு அசேலியா, கடைசிக் குழிக்கு ஹாலி. செடி கொடிகளுக்குக்கூடப் பெயர்ப்பலகை கிடைத்த இடம் அது.

மறைக்கத் தெரிந்த மருத்துவர்

மைதானத்தை வடிவமைத்தவர் அலிஸ்டர் மெக்கன்சி. இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ராணுவ மருத்துவராகப் போனவர், போயர் வீரர்கள் பதுங்குகுழிகளைத் தரையோடு தரையாக மறைத்து வைத்திருந்த விதத்தைக் கவனித்தார். பிற்பாடு முதல் உலகப் போரில் அந்த மறைப்புக் கலையைப் பிரிட்டிஷ் படைக்குக் கற்றுக்கொடுத்தார். போர் முடிந்தபின் அதையே புல்வெளியில் செய்தார். மனிதன் வெட்டிய மேடும் பள்ளமும் இயற்கையாக அமைந்தவைபோலத் தெரிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

அகஸ்டாவில் அவரும் ஜோன்ஸும் செய்தது அன்றைக்குப் புதுசு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தை மனதில் வைத்து, பந்து விழும் பாதைகளை அகலமாக விட்டார்கள். உயரமான புதர்ப்புல் இல்லை. மணல் பள்ளங்களும் முதலில் மிகக் குறைவு. சாதாரண ஆட்டக்காரரும் பந்தைத் தொலைக்காமல் ஆடலாம். சோதனை எல்லாம் குழியைச் சுற்றி இருக்கிறது. ‘கிரீன்’ எனப்படும் அந்த வழவழப்பான புல்தரை கண்ணுக்கு ஒரு பக்கம் சாய்ந்தது போலத் தெரியும், பந்து வேறு பக்கம் ஓடும். தாழ்வில் ரேஸ் கிரீக் என்ற ஓடை போகிறது. நிலத்தின் சாய்வு எங்கோ ஒளிந்திருந்து பந்தை அந்தப் பக்கமே இழுக்கும் என்பது அங்கே ஆடுபவர்கள் சொல்வது. முதல் போட்டியைப் பார்க்க மெக்கன்சி உயிரோடு இல்லை. 1934 ஜனவரியில் இறந்துவிட்டார்.

இப்படிக் கண்ணை ஏமாற்றும் தரையில் எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் தனியாக ஆட முடியாது. அந்த மண்ணை அறிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். அவர்தான் கேடி. நம் ஊர்க் காவல் நிலையப் பட்டியலில் வரும் கேடி வேறு. இவர் ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து, தூரம் சொல்லி, சாய்வு சொல்லி, எந்த மட்டையை எடுக்க வேண்டும் என்று சொல்பவர். அகஸ்டாவில் 1982வரை ஒரு வழக்கம் இருந்தது. எந்த நாட்டிலிருந்து எந்த வீரர் வந்தாலும் மன்றத்தின் கேடியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேடிகள் எல்லோரும் கறுப்பினத்தவர்.

உள்ளே இருந்தவர்கள்

விலக்கி வைத்தல் என்றதும் நம் மனதில் வருவது பூட்டிய கதவு. உண்மையில் அகஸ்டாவில் கறுப்பின மக்கள் முதல் நாளிலிருந்து உள்ளேதான் இருந்தார்கள். சமைத்தார்கள், பரிமாறினார்கள், புல் வெட்டினார்கள், பை சுமந்தார்கள். உறுப்பினராக மட்டும் இல்லை. தொட்டால் தீட்டு என்பவன் வீட்டு நெல்லை அறுத்ததும் அடித்ததும் யார் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

வில்லி ‘பாப்பி’ ஸ்டோக்ஸ் என்பவரைப் பாருங்கள். மைதானத்தை உருவாக்கிய வேலையாட்களுக்குத் தண்ணீர் சுமந்த சிறுவன். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து அந்த நிலத்தைப் படித்தார். மெக்கன்சி மறைத்து வைத்ததை ஸ்டோக்ஸ் கண்டுபிடித்தார் என்றே சொல்லலாம். பென் ஹோகனின் இரண்டு வெற்றிகள் உட்பட ஐந்து மாஸ்டர்ஸ் வெற்றிகளில் பை அவர் தோளில் இருந்தது. அடுத்த தலைமுறைக் கேடிகளுக்கு அவரே வாத்தியார்.

அந்த அறிவு எவ்வளவு பெறும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1979இல் ஃபஸி ஸோல்லர் என்ற வெள்ளை வீரர் முதல் முறையாக அகஸ்டாவுக்கு வந்து, வந்த முறையே வென்றார். அவருக்குக் கேடி ஜெரையா பியர்ட் என்ற உள்ளூர்க் கறுப்பின மனிதர். பியர்ட் சொன்ன இடத்தில் அடித்தேன் என்ற பொருளில் ஸோல்லரே பேசியிருக்கிறார். அதன்பிறகு 2025வரை முதல் வருகையிலேயே மாஸ்டர்ஸை வென்றவர் ஒருவரும் இல்லை. இதே ஸோல்லர்தான் 1997இல் டைகர் உட்ஸ் வென்றபோது, வென்றவர் அடுத்த ஆண்டு தரும் விருந்தில் வறுத்த கோழியைப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று கேமரா முன்னால் கேலி பேசினார். கறுப்பின மக்களின் சாப்பாட்டை வைத்துச் செய்த கேலி. பிறகு மன்னிப்புக் கேட்டார். மாட்டுக்கறியை வைத்து வகுப்பறையில் கேலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் சுவை தெரியும்.

மன்றத்தின் தொடக்க ஆண்டுகளில் இன்னொரு பொழுதுபோக்கும் இருந்தது. கறுப்பினப் பையன்களின் கண்ணைக் கட்டி, ஒரே வளையத்தில் இறக்கி, கடைசிவரை நிற்பவன் வென்றவன் என்று அடித்துக்கொள்ள விடுவார்கள். உறுப்பினர்கள் காசு எறிவார்கள். அப்படி அடித்து எழுந்த ஒரு பையன் அங்கே செருப்புத் துடைத்துக்கொண்டிருந்தவர். உறுப்பினர்கள் பணம் போட்டு அவரைக் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பியூ ஜாக் என்ற பெயரில் 1942இல் லைட்வெயிட் சாம்பியன் ஆனார். எல்லாம் முடிந்த பிறகு மயாமியில் ஓர் ஆடம்பர விடுதியில் மறுபடியும் செருப்புத் துடைத்தார். தனிமனிதர் காட்டும் பரிவுக்கும் உரிமைக்கும் உள்ள தூரம் இவ்வளவு.

எழுதாத சட்டம்

அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் ‘வெள்ளையர் மட்டும்’ என்ற விதி 1961 நவம்பர்வரை அச்சில் இருந்தது. அகஸ்டாவுக்கு அந்த அச்சுகூடத் தேவைப்படவில்லை. அங்கே யாரும் விண்ணப்பிக்க முடியாது. அவர்களாக அழைத்தால்தான் உண்டு. போட்டிக்கும் அழைப்பு, உறுப்பினராவதற்கும் அழைப்பு. அழைக்காமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் சொல்லாதவனை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது?

சார்லி சிஃபோர்ட் 1967இலும் 1969இலும் பெரிய தொழில்முறைப் போட்டிகளில் வென்றார். அழைப்பு வரவில்லை, வாழ்நாள் முழுக்க வரவில்லை. 1970களின் தொடக்கத்தில் தொழில்முறைப் போட்டியில் வென்றவருக்குத் தானாக இடம் என்று விதி தெளிவான பிறகுதான் சுவர் விரிசல் விட்டது. 1974இல் லீ எல்டர் ஒரு போட்டியில் வென்றார், 1975இல் மாஸ்டர்ஸில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். கொலை மிரட்டல்கள் வந்ததால் அந்த வாரம் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்து மாறி மாறித் தங்கினார். மூன்றாம் நாளுக்குத் தேறவில்லை. ஆனால் அவர் கடைசிக் குழியை நோக்கி நடந்தபோது மன்றத்தின் கறுப்பின ஊழியர்கள் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து வரிசையாக நின்றார்கள். எல்டரே இதைச் சொல்லியிருக்கிறார். நாற்பது ஆண்டுகள் தட்டு ஏந்திய கைகள் அன்று தட்டின.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. எல்டரை உள்ளே கொண்டுவந்தது யாருடைய மனமாற்றமும் இல்லை. எழுதப்பட்ட, எண்ணிச் சரிபார்க்கக்கூடிய ஒரு தகுதி விதி. ‘தகுதி, திறமை’ என்று நம்மிடம் பேசுபவர்கள் பல நேரங்களில் தகுதியை எழுதி வைக்கவே மறுப்பார்கள் என்பதை நேர்முகத் தேர்வு அறைகளில் பார்த்திருக்கிறோம்.

‘தனியார்’ என்ற திரை

1964இன் குடியுரிமைச் சட்டம் உணவகம், விடுதி, திரையரங்கு எல்லாவற்றிலும் நிறப் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆனால் பொதுமக்களுக்குத் திறக்காத தனியார் மன்றங்களுக்கு அதே சட்டம் விலக்கும் கொடுத்தது. அதனால் அகஸ்டாவில் உறுப்பினர் பட்டியல் 1990வரை வெள்ளையாகவே இருந்தது.

1990இல் என்ன நடந்தது? அலபாமாவின் பர்மிங்காம் அருகே ஷோல் கிரீக் என்ற மன்றத்தில் ஒரு பெரிய போட்டி நடக்கவிருந்தது. கறுப்பினத்தவரைச் சேர்க்கும்படி எங்களை யாரும் வற்புறுத்த முடியாது என்று அதன் நிறுவனர் ஹால் தாம்ப்சன் ஒரு நாளிதழிடம் சொன்னார். மக்கள் உரிமை அமைப்புகள் மறியல் அறிவித்தன. ஐபிஎம், டொயோட்டா போன்ற நிறுவனங்கள் தொலைக்காட்சி விளம்பரங்களை இழுத்துக்கொண்டன. சில வாரங்களில் மன்றம் ஒரு கறுப்பினத் தொழிலதிபரைக் கௌரவ உறுப்பினராக்கியது. பாகுபாடு காட்டும் மன்றங்களில் போட்டி நடத்த மாட்டோம் என்று தொழில்முறைச் சுற்று அறிவித்தது. அதே செப்டம்பரில் அகஸ்டா தன் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது. கலிஃபோர்னியாவில் இதே மெக்கன்சி வடிவமைத்த சைப்ரஸ் பாயிண்ட் மன்றமோ போட்டி போனாலும் போகட்டும் என்று இருந்துவிட்டது. அகஸ்டாவில் பெண்கள் உறுப்பினரானது 2012இல்: காண்டலீசா ரைஸும் டார்லா மூரும். ரைஸ் அதற்கு முன்பே அமெரிக்க வெளியுறவுச் செயலாளராக இருந்து முடித்துவிட்டார்.

இந்தத் திரை நம் நாட்டிலும் உண்டு. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி, பொதுப் பொழுதுபோக்கு இடம், குளம், கிணறு, சாலை என்று வரிசையாகச் சொல்லி அங்கெல்லாம் சாதியின் பெயரால் தடுக்கக் கூடாது என்கிறது. ‘கடை’ என்ற சொல்லை விரிந்த பொருளில் கொள்ள வேண்டும் என்று 1948இல் அரசியலமைப்பு அவையில் அம்பேத்கர் விளக்கினார். ஆனால் 2005இல் அகமதாபாத்தின் ஒரு வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்க வழக்கில், தன் சமூகத்தவருக்கு மட்டும் என்று ஒரு சங்கம் உறுப்பினர் வரம்பு வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பார்சிகள் என்ற சிறுபான்மையைப் பற்றிய வழக்கு அது. அதே வாதத்தை நாளை அக்ரஹாரத்து அடுக்குமாடி எடுத்துக்கொண்டால் நம் பிள்ளைகளுக்கு வாடகை வீடு எங்கே?

2014இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையின் ஒரு கிரிக்கெட் மன்றம் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. நல்லது, வரவேற்போம். மனம் இருந்தால் தனியார் மன்றத்தின் வாசலுக்கும் சட்டம் போகும் என்பது அன்று நிரூபணமானது. வேட்டிக்குக் கிடைத்த அந்த வேகத்தைத்தான் நாமும் கேட்கிறோம்.

1982இன் கணக்கு

இனி, வெற்றிக் கதைகளில் வராத பகுதி. 1982 போட்டியில் மழையால் ஆட்டம் நின்றது. மறுநாள் காலை ஆட்டம் தொடர்ந்தபோது உள்ளூர்க் கேடிகள் பலர் நேரத்துக்கு வரவில்லை. வீரர்கள் புகார் சொன்னார்கள். மற்ற போட்டிகளில் எங்களோடு வரும் சொந்தக் கேடியை இங்கேயும் கொண்டுவர விடுங்கள் என்று அவர்கள் முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1983 முதல் மன்றம் அனுமதித்தது.

வீரர்களின் கோரிக்கையில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் பை சுமக்கும் ஒரு கேடியும் தொழிலாளிதான். ‘கறுப்பர்தான் சுமக்க வேண்டும்’ என்ற வழக்கமும் காப்பாற்ற வேண்டிய பாரம்பரியம் இல்லை. சாதித் தொழிலைப் போலவே அது ஒழிய வேண்டியதுதான். கேள்வி, எப்படி ஒழிக்கப்பட்டது என்பது. உள்ளூர்க் கேடிகளுக்கு ஆண்டின் பெரிய வருமானம் அந்த ஒரு வாரம். அது ஒரே முடிவில் போனது. ஒருசில வீரர்கள் மட்டும் பழைய கேடிகளை விடவில்லை. பென் கிரென்ஷா, கார்ல் ஜாக்சனோடு 1984இலும் 1995இலும் வென்றார். 1995 போட்டிக்கு முன் கிரென்ஷாவின் அடியில் இருந்த பிசகைக் கண்டு திருத்தியது ஜாக்சன்தான். மற்றவர்களின் அறிவு மைதானத்துக்கு வெளியே போனது.

பணத்தைப் பாருங்கள். 1982இல் வென்றவருக்குப் பரிசு 64,000 டாலர். 2025இல் 42 லட்சம் டாலர். வென்றால் பரிசில் பத்தில் ஒரு பங்கைக் கேடிக்குக் கொடுப்பது இன்றைய வழக்கம். அதாவது ஒரு வார வேலைக்கு நம் பணத்தில் மூன்றரைக் கோடி. சுமை கூலியாக இருந்தவரை அது கறுப்பினத்தவரின் வேலை. தொழிலாக, நிபுணத்துவமாக, கோடிகளாக மாறியபோது அவர்கள் அதில் இல்லை. தொழில்முறைச் சுற்றில் இன்று கறுப்பினக் கேடிகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அகஸ்டாவின் கேடிகள் போடும் வெள்ளை முழு உடை மட்டும் மாறவில்லை.

1975, 1990 என்ற ஆண்டுகளை வரலாறு கொண்டாடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் 1983ஐ யாரும் கொண்டாடுவதுமில்லை, அதற்காக வருந்துவதுமில்லை. ஓர் ஆட்டக்காரரும் ஓர் உறுப்பினரும் முன்வாசலால் உள்ளே வந்தார்கள். ஒரு கூட்டமே பின்வாசலால் வெளியே போனது. மன்றம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2020இல் அகஸ்டாவின் கறுப்பினக் கல்லூரியான பெய்ன் கல்லூரியில் லீ எல்டர் பெயரில் உதவித்தொகை அறிவித்தது. 2021இல் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு எல்டர் கௌரவத் தொடக்க வீரராக அமர்ந்திருந்தார். அதே ஆண்டு நவம்பரில் இறந்தார். மரியாதை வந்தது, மட்டையை வீசும் வலு போன பிறகு வந்தது.

நமக்கு என்ன

தில்லி கோல்ஃப் மன்றத்தில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009இல் வென்றார். சுமந்தவர்களுக்கு ஆட்டமும் தெரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அதே தில்லி மன்றத்தில்தான் 2017இல், தங்கள் காசி இன உடையில் விருந்தினராக வந்த மேகாலயப் பெண்மணி ஒருவரைப் பணிப்பெண் போல் இருக்கிறார் என்று சாப்பாட்டு அறையிலிருந்து எழுப்பினார்கள்.

சென்னை கிண்டியில் குதிரைப் பந்தய மைதானமும் அதற்குள் கோல்ஃப் மைதானமும் இருந்த சுமார் 160 ஏக்கர், அரசு நிலம். 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. 1892இல் நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களைக் கேட்டால் ஆவணம் எங்கே என்கிறார்கள். கனவான்களின் புல்வெளிக்கு ஆவணம் பத்திரமாக இருந்தது.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் கேட்டதும் 1983இன் கேள்விதான். நாற்றத்தில் நின்றவரை எங்கள் வேலை, ஒப்பந்தமும் எந்திரமும் வந்ததும் யாருடைய வேலை?

எனவே தோழர்களே, ஒரு நிறுவனம் ‘நாங்கள் மாறிவிட்டோம்’ என்று ஒரு முகத்தை மேடையில் நிறுத்தும்போது கை தட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். சேர்ப்பதற்கான விதி எழுத்தில் இருக்கிறதா, அல்லது யாரோ அழைக்க வேண்டுமா? நிலமும் பணமும் பொதுமக்களுடையதா? புதிதாக ஒருவர் உள்ளே வந்த அதே காலத்தில் அங்கிருந்து வெளியேறிய நம் ஆட்கள் எத்தனை பேர், அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

மூன்றாவது கேள்விக்கு எந்த ஆண்டறிக்கையிலும் விடை இருக்காது. உங்கள் கல்லூரியில், ஊர் மன்றத்தில், நகராட்சியில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து வெளியே வந்தவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டால்தான் கிடைக்கும். பாப்பி ஸ்டோக்ஸைப் போன்றவர்களின் பேச்சை ஒருசிலர் தேடிப்போய்ப் பதிவு செய்ததால்தான் இன்று நமக்கு அந்தப் பெயர் தெரிகிறது. நம் ஊர்ப் பெயர்களை நாம்தான் எழுத வேண்டும். இந்த விடுமுறையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.